மெட்ராஸ் நேரம், சண்டை நேரம், கம்ப்யூட்டர் நேரம்

பதிவு கொஞ்சம் நீளம். "சார் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டார்" என்று ஓடிவிடாமல், டீ குடிக்கும்போது வைத்துப் படியுங்கள். கடைசியில் நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. அதற்காகவாவது படிக்க வேண்டும்.

நாரணாபுரத்தில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி என் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான். பட்டாசுக்கு அட்டைப்பெட்டி அடிக்கிற தொழில். அவன் இளைய மகள் செஸ் ஆடுவாள். பிறந்த தேதி 2014 ஜனவரி 1. 2025-இல் 11 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆட வேண்டுமென்றால் 2014 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். அந்த வகையில் நம்ம பிள்ளை அதிர்ஷ்டக்காரி, கோட்டைத் தொட்டு நிற்கிறாள்.

போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். போனிலேயே விண்ணப்பம். பட்டியல் வந்தபோது அவள் பெயர் இல்லை. கேட்டால், "உங்க பிள்ளை 2013 டிசம்பர் 31-இல் பிறந்திருக்கிறாள், ஒரு நாள் வயது கூடுதல்" என்று பதில். பிறப்புச் சான்றிதழைக் காட்டினால், "நீங்கதானே டைப் பண்ணினீங்க, கம்ப்யூட்டர் தப்பா போடாது" என்கிறார்கள். அவன் என்னிடம் வந்து நின்றான். "சார், நான் ஒழுங்காத்தான் போட்டேன். ஜனவரி ஒண்ணுதான் போட்டேன்."

அவன் சொன்னால் நான் நம்புவேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. சோழிங்கநல்லூரில் மென்பொருள் கம்பெனியில் இருக்கும் இன்னொரு மாணவிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். "சார், அந்த லிஸ்ட்ல மத்த பிள்ளைங்க தேதியையும் பாருங்க. எல்லாருக்கும் ஒரு நாள் குறைஞ்சிருக்கும்." பார்த்தோம். அப்படியே இருந்தது. மே 14-இல் பிறந்தவனுக்கு மே 13, ஆகஸ்ட் 3-க்கு ஆகஸ்ட் 2. மற்றவர்கள் யாரும் கோட்டில் நிற்கவில்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு நாள், மாதம், வருடம் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது விநாடி எண்ணுவது மட்டும். 1970 ஜனவரி 1, லண்டன் பக்கத்துக் கிரீன்விச்சில் நள்ளிரவு 12 மணி. அங்கே பூஜ்யத்தில் தொடங்கி விநாடி விநாடியாக எண்ணிக்கொண்டே வருகிறது. யூனிக்ஸ் என்ற பழைய அமைப்பிலிருந்து வந்த பழக்கம், இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் போன் வரைக்கும் அதுதான். அந்த நேரத்தில் நமக்கு விடிகாலை 5.30. சில சமயம் போனில் ஏதாவது ஒரு கோப்பு "1970 ஜனவரி 1, காலை 5.30" என்று தேதி காட்டும், பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கோப்புக்குத் தேதியே பதிவாகவில்லை, பூஜ்யம் இருக்கிறது என்று அர்த்தம். 100 கோடியாவது விநாடி 2001 செப்டம்பர் 9, நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி 16 நிமிடம் 40 விநாடிக்கு வந்துபோனது. நாம் யாரும் வெடி போடவில்லை.

சரி, நம் பிள்ளை கதைக்கு வருவோம். அப்பா ஜனவரி 1 என்று போட்டான். போன் அதை "இந்திய நேரப்படி ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி" என்று எடுத்துக்கொண்டு 1388514600 என்ற எண்ணாக மாற்றி அனுப்பியது. பட்டியல் அச்சடித்த கம்ப்யூட்டர் கிரீன்விச் கணக்கில் இருந்தது. அந்த எண்ணைத் திரும்பத் தேதியாக்கியபோது, அங்கே டிசம்பர் 31 மாலை 6.30. மணியை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் அச்சடித்தது. தீர்ந்தது. ஐந்தரை மணி நேரத்தில் பிள்ளைக்கு ஒரு வருடம் போச்சு.

எண்ணில் தப்பே இல்லை. இரண்டு பேரும் ஒரே எண்ணைத்தான் வைத்திருந்தார்கள். எந்த ஊர் கடிகாரத்தில் படிப்பது என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

இதைக் கேட்டதும் எனக்குச் சரித்திரப் பாடம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஐந்தரை எங்கிருந்து வந்தது? முதலில் அது ஐந்தரையே இல்லை. ஐந்து மணி இருபத்தொரு நிமிடம்!

சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறதே, புயல் வந்தால் டிவியில் காட்டுவார்கள், அந்த வளாகத்தில் பழைய கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வுக்கூடத்தின் தூண். தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுதியிருக்கிறது. நட்சத்திரம் பார்க்கும் கருவியை ஆடாமல் அசையாமல் நிறுத்துவதற்கான தூண் அது. கம்பெனிக்கு வானத்தின் மேல் பக்தி ஒன்றும் கிடையாது. கப்பல் ஓட்டவும் நிலம் அளக்கவும் தீர்க்கரேகை வேண்டும், தீர்க்கரேகைக்கு நேரம் வேண்டும். ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் அங்கே வானியலாளர். 1802-இல் மெட்ராஸ் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தி இருக்கிறது என்று கணக்கிட்டார். அதே 1802-இல்தான் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்து இந்தியாவை அளக்கத் தொடங்கினார். கோட்டையில் இரவு 8 மணிக்கு பீரங்கி வெடிக்கும், ஊர்க்காரர்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள்.

அதுவரை ஒவ்வொரு ஊருக்கும் அதன் அதன் மணிதான். சூரியன் உச்சிக்கு வந்தால் அந்த ஊருக்கு மதியம். மாட்டு வண்டியில் போகிறவனுக்கு அதில் என்ன நஷ்டம்? ரயில் வந்தபிறகுதான் தொல்லை. கிரீன்விச்சிலிருந்து பம்பாய் 4 மணி 51 நிமிடம், கல்கத்தா 5 மணி 53 நிமிடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. ஒரே தண்டவாளத்தில் இரண்டு கடிகாரத்தை வைத்து வண்டி ஓட்டினால் என்ன ஆகும்! மெட்ராஸ் நேரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட நடுவில் விழுந்தது. வானாய்வுக்கூடமும் இருக்கிறது, தந்தி மூலம் மணி அனுப்பலாம். ஆகவே 1870 வாக்கில் இந்திய ரயில்களுக்கு மெட்ராஸ் நேரம் வந்தது. பம்பாயில் வண்டி ஏறுகிறவன்கூட மெட்ராஸ் மணி பார்த்துத்தான் ஏற வேண்டும். நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. பம்பாய்க்காரர்களுக்கு இருக்குமா? 1880-களில் அரசாங்க அலுவலகங்களுக்கும் மெட்ராஸ் நேரத்தைக் கொண்டுவரப் பார்த்தபோது எதிர்ப்பு கிளம்பி, அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

அந்த வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் பரம்பரை. வெள்ளைக்கார வானியலாளருக்கு முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார், தமிழ் உட்படப் பல மொழிகளில் அது வந்தது. அவருடைய பெரிய வேலை பஞ்சாங்கத்தில். பழைய வாக்கியங்களை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டு போனால் வானத்தில் இருப்பது ஒன்று, ஓலையில் இருப்பது ஒன்று என்று ஆகிவிடுகிறது, கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும் என்று சொல்லி, அப்படித் திருத்திய பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1880-இல் காலமானார். இன்றைக்கும் நம் ஊரில் வாக்கியமா திருக்கணிதமா என்று சண்டை நடக்கிறதே, அந்தச் சண்டையின் நடுவில் நின்ற மனிதர். எண்ணிக்கொண்டே போவதா, வானத்தைப் பார்த்துத் திருத்துவதா என்ற இந்தக் கேள்வியை மனதில் வையுங்கள். பின்னால் வரும்.

1884-இல் வாஷிங்டனில் கூடி, கிரீன்விச்தான் உலகத்துக்குப் பூஜ்யம் என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கு 82½ டிகிரி தீர்க்கரேகையின் நேரம். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள், 330 நிமிடம், ஐந்தரை மணி. மெட்ராஸ் கடிகாரங்கள் சுமார் 9 நிமிடம் முன்னே போயின. நாம் முணுமுணுக்காமல் மாற்றிக்கொண்டோம். பம்பாயில் 39 நிமிடம், மில் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். மில் மணி முன்னே போனால் தூக்கத்தில்தானே கை வைக்கிறார்கள்! பம்பாய் நகராட்சி சுதந்திரத்துக்குப் பிறகும் தன் சொந்த நேரத்தை விடவில்லை. கல்கத்தா 1948 வரை. சுதந்திரம் வந்த அன்று இந்தியாவில் எல்லாருக்கும் ஒரே மணி இல்லை என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

நம்ம சிவகாசிப் பக்கம் எப்படி? நம் ஊர் சுமார் 77.8 டிகிரியில் இருக்கிறது. கணக்குப் போட்டால் இந்திய நேரத்துக்கு 19 நிமிடம் பிந்தி இருக்கிறோம். கைக்கடிகாரத்தில் 12 அடிக்கும்போது நம் சூரியனுக்கு, சராசரியாகச் சொன்னால், 11.41தான் ஆகியிருக்கும். சென்னைக்கும் நமக்குமே 10 நிமிடம் வித்தியாசம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தியாவுக்கே டெய்லி காலண்டர் அடித்துக் கொடுப்பது நம் ஊர். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளிவரும். தாளைக் கிழித்தால் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். திங்கள்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9. இது எந்த ஊர் 7.30? பகல் பொழுதை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு ராகு காலம். 6 மணிக்குச் சூரியன் உதித்து 6 மணிக்கு மறைந்தால்தான் 7.30 வரும். கன்னியாகுமரியிலும் கல்கத்தாவிலும் ஒரே நிமிடத்தில் சூரியன் உதிக்குமா? பிரஸ்ஸில் இருக்கும் என் மாணவன் ஒருவனிடம் கேட்டேன். "சார், ஊருக்கு ஊர் மாத்தி அடிச்சா ப்ளேட் செலவு யார் குடுக்கிறது?" என்றான். நியாயம்தான்.

இனி சண்டை நேரம். எங்கள் அப்பத்தா "சண்டை மணி" என்று சொல்லும். இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, இந்தியா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். ஐந்தரை ஆறரை ஆனது. பகல் வெளிச்சத்தில் வேலையை முடித்து விளக்குச் செலவைக் குறைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

என் சித்தப்பா 1943 ஆவணி முதல் வாரத்தில் பிறந்தவர். பக்கத்து வீட்டில் சுவர்க் கடிகாரம் இருந்தது, அதைப் பார்த்துக் காலை ஆறேகால் என்று குறித்தார்கள். சிம்ம லக்கினம் என்று ஜாதகம் எழுதியாயிற்று. ஆனால் அப்பத்தா மட்டும், "அடப் போங்கடா, கோழி கூவிக்கிட்டு இருந்துச்சு, கும்மிருட்டு, விளக்குப் பிடிச்சுத்தான் பிள்ளையைப் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆவணியில் ஆறேகாலுக்கு வெயிலே வந்திருக்கும். எனவே பிள்ளை பெற்ற மயக்கத்தில் கிழவிக்குக் குழப்பம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தபோது ஒரு பெரியவர் ஜாதகத்தை வாங்கி, வருடத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "இது சண்டை நேரம் கழிச்ச மணியா, கழிக்காத மணியா?" யாருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்தால் ஐந்தேகால். விடியாத நேரம். லக்கினம் கடகம். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அப்பத்தா சொன்னதுதான் சரி!

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது, உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதுதான் கேள்வி. செஸ் பட்டியல் போட்ட கம்ப்யூட்டரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சோழிங்கநல்லூர் மாணவி இதைக் கேட்டுவிட்டு, "சார், உங்க அப்பத்தா சொன்னது உங்க போன்லயே இருக்கு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகத்தில் எந்தப் பகுதியில் எந்த வருடம் கடிகாரத்தை எவ்வளவு மாற்றினார்கள் என்று ஒரு பெரிய அட்டவணை இருக்கிறதாம். ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் 1980-களில் தொடங்கி வைத்தது. பால் எக்கர்ட் என்பவர் இப்போது பார்த்துக்கொள்கிறார். பலரும் சம்பளம் வாங்காமல் பழைய செய்தித்தாள், அரசாணை எல்லாம் தேடித் திருத்துகிறார்கள். அந்த அட்டவணைதான் கம்ப்யூட்டர்களுக்குள் இருக்கிறது. நமக்கு உரிய வரி "ஆசியா/கொல்கத்தா". அந்த வரியைத் திறந்தால், 1870 முதல் 1905 முடிய 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. நம்ம மெட்ராஸ் நேரம்! (கோல்டிங்ஹாம் கணக்கில் 4 விநாடி பின்னால் திருத்தப்பட்டது.) பெயர் கொல்கத்தா, உள்ளே இருப்பது நுங்கம்பாக்கம். 1942 முதல் 1945 வரை ஆறரையும் இருக்கிறது. 1970-க்கு முந்திய விவரங்களுக்கு முழு உத்தரவாதம் இல்லை என்று அவர்களே எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. அந்த அடக்கம் நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு வருமா?

வெளிநாட்டுச் சொந்தங்களும் இதைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு: 1981 முடிந்து 1982 பிறந்தபோது உங்கள் ஊர்க் கடிகாரம் ஏழரையிலிருந்து எட்டுக்கு அரை மணி நேரம் முன்னே போனது. இலங்கையில் இன்னும் சிக்கல். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஐந்தரையை ஆறரை ஆக்கினார்கள். அக்டோபரில் ஆறு. 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரை. அந்தப் பத்து வருடமும் புலிகள் கையில் இருந்த பகுதியில் பழைய ஐந்தரைதான் ஓடியது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணி மாறும். அந்த வருடங்களில் வன்னியில் பிறந்த ஒருவருடைய பிறந்த நேரத்தைக் கொழும்பு நேரம் என்று எந்தக் கம்ப்யூட்டராவது எடுத்துக்கொண்டால் தப்பாகத்தான் வரும்.

இப்போது, எண்ணுவதா வானத்தைப் பார்ப்பதா என்று முன்னே கேட்டேனே, அந்த இடத்துக்கு வருகிறேன். ஊரையும் வருடத்தையும் சரியாக எழுதி வைத்தால் கணக்கு சுத்தமாகிவிடும் என்று நினைத்தேன். "இல்ல சார், இன்னும் 27 விநாடி இருக்கு" என்றாள்.

1967-இல் விநாடியைப் பூமியிடமிருந்து பிடுங்கி சீசியம் அணுவிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த அணுவின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வு ஒரு விநாடி. அணு தவறாது. பூமி தவறும். சந்திரனின் இழுப்பால் மெல்ல மெல்லச் சுணங்குகிறது, நடுவில் கொஞ்சம் வேகமும் எடுக்கிறது. ஆகவே அணுக் கடிகாரம் பூமியைவிட முந்திவிடாமல் இருக்க, 1972 முதல் அவ்வப்போது ஒரு விநாடியைச் சேர்க்கிறார்கள். லீப் விநாடி. நமக்கு அதிக மாதம் என்று ஒன்று வருமே, சந்திரக் கணக்கும் சூரியக் கணக்கும் விலகும்போது ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒரு முறை, அதே வேலைதான். அது மாதம், இது விநாடி. இதுவரை 27 முறை சேர்த்திருக்கிறார்கள். ரகுநாதாச்சாரி இருந்தால் தலையாட்டியிருப்பார்.

கம்ப்யூட்டர் மட்டும் வாக்கியப் பஞ்சாங்கம் மாதிரி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி, அதற்கு மேல் தர மாட்டேன் என்று பிடிவாதம். கூடுதல் விநாடி வரும்போது எண்ணைக் கூட்டாமல், எண்ணியதையே இன்னொரு தடவை எண்ணிச் சமாளிக்கும். 2012 ஜூலை 1, நமக்கு விடிகாலை 5.30-க்கு அப்படி ஒரு விநாடி வந்தபோது உலகத்தில் பல கம்ப்யூட்டர்கள் திணறிப்போயின. ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் விமானப் பயணிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கூகுள் மாதிரிக் கம்பெனிகள் வேறு வழி பிடித்தன: அந்த ஒரு விநாடியை நாள் முழுக்கப் பொடிப்பொடியாகத் தூவிவிடுவது. ஆண்டு விழா அரை மணி பிந்திவிட்டால் ஒவ்வொரு நாடகத்திலும் இரண்டு நிமிடத்தை வெட்டி நான் சரிக்கட்டுவேனே, அது போல.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 2022-இல் உலக நாடுகள் கூடி, 2035-க்குள் லீப் விநாடி வழக்கத்தை நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டன. கடைசியாக ஒரு விநாடி சேர்த்தது 2016 டிசம்பர் 31 முடியும்போது, கிரீன்விச் கணக்கில். இந்தியாவில் அது எப்போது? ஐந்தரை மணி கழித்து, 2017 ஜனவரி 1 விடிகாலை. டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் நாட்டுக்கு மணி காட்டுவது. அங்கே 5:29:59-க்கு அடுத்து 5:30:00 வரவில்லை. 5:29:60 வந்தது. அதற்கப்புறம்தான் ஐந்தரை.

செஸ் விஷயத்தை முடிக்க, மாணவி சொன்ன விளக்கத்தை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதினேன். பட்டியலில் உள்ள ஐந்து பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலையும், பட்டியலில் அவர்களுக்கு வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஐந்துக்கும் ஒரே ஒரு நாள் குறைவு. அதைக் கையில் கொடுத்துவிட்டு, "ஐந்து பேருமா தப்பா டைப் பண்ணியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டேன். பார்த்தார்கள், பேசினார்கள், கையால் திருத்திப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். மென்பொருள் எழுதும் என் மாணவர்களுக்கு அந்தப் பெண் சொல்லச் சொன்னது: பிறந்த தேதியை விநாடியாக மாற்றாதீர்கள், அது காலண்டர் தாள், கடிகாரம் இல்லை, எழுதியபடியே வையுங்கள். மணியோடு குறிக்க வேண்டியதென்றால் எந்த ஊர் மணி என்பதையும் சேர்த்து வையுங்கள்.

இனி நான் செய்த தப்பு. அந்தப் பிள்ளையின் அப்பனை நான் எங்கே சேர்த்தேன் தெரியுமா? என் முதல் பள்ளியில், ஊர் பெயர் வேண்டாம், 1983 ஜூனில். அப்போது பிறப்புச் சான்றிதழ் யார் வைத்திருந்தார்கள்? வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். இவன் தொட்டுவிட்டான். "எப்பம்மா பிறந்தான்?" என்று கேட்டேன். "ஆடி கடைசி வெள்ளி முடிஞ்சு ரெண்டாம் நாள் சார், எழுபத்தெட்டுல" என்று அந்தம்மா துல்லியமாகச் சொன்னது. ஆடி கடைசி என்றால் ஆகஸ்ட். ஐந்து வயது நிறையவில்லை. சேர்க்காமல் விட்டால் அடுத்த ஜூனுக்குள் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்விடுவான். நான் பேனாவை எடுத்து 1978 ஜூன் 1 என்று எழுதினேன். உங்களில் பாதிப் பேருக்கு ஜூன் 1 பிறந்தநாள் ஏன் என்று இப்போது புரிகிறதா! எழுதியபோது நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

2008-இல் அவன் ஓர் அரசு வேலைக்கு எழுதித் தேர்வானான். ஜூலை 1 அன்று 30 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது விதி. ஆகஸ்டில் பிறந்தவனுக்கு நிறைந்திருக்காது. ஜூன் 1-இல் பிறந்தவனுக்கு நிறைந்துவிட்டது. பதிவேட்டைத் திருத்த அலைந்து பார்த்தான், காலக்கெடு தாண்டிவிட்டது என்றார்கள். அதன் பிறகுதான் அட்டைப்பெட்டித் தொழில். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன மாதம் வந்து "நான் ஒழுங்காத்தான் போட்டேன் சார்" என்று நின்றபோதுகூட. அந்த "நான்" எனக்குத்தான் குத்தியது. அன்று ராத்திரி அவனிடம் சொன்னேன், அந்தம்மா சரியாகச் சொன்னது, எழுதியது நான்தான் என்று. "தெரியும் சார். அம்மா சொல்லியிருக்கு" என்றான். பிறகு, "சேர்க்காம விட்டிருந்தா எங்க சார் படிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, மகளின் போட்டிக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டான்.

பிள்ளை ஆடி, ஏழு ஆட்டத்தில் நாலரைப் புள்ளி எடுத்தது. திரும்பி வரும் வழியில் வேனில் இந்த 5:29:60 கதையை அவளுக்குச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "தாத்தா, 2017 ஜனவரி ஒண்ணு என் பிறந்தநாளாச்சே! மூணு வயசு. அப்ப அன்னைக்கு மட்டும் ஒரு விநாடி ஜாஸ்தியா?" என்றாள். ஆமாம், அன்று இந்தியாவில் 86,401 விநாடி என்றேன். அந்த விநாடியில் தான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவளுக்கு உடனே தெரிய வேண்டும். முன் சீட்டில் இருந்த அவள் அம்மா திரும்பாமலே சொன்னாள்: "தூங்கிக்கிட்டு இருந்த. நான்தான் கோலம் போட்டுக்கிட்டு இருந்தேன்."